கத்திக்கு முந்திய மூன்று மாதம்

முழங்கால் மாற்றுவதென்றால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முதலில் விசாரிப்பது எந்தக் கம்பனி மூட்டு, எந்த டொக்டர் என்றுதான். சீனி வருத்தத்துக்குக் காட்டுகிற கிளினிக் கொப்பியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இலங்கையில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு; புதுமூட்டு எப்படித் தேறும் என்பது அந்தக் கொப்பியிலும் எழுதியிருக்கிறது. இரத்தத்தில் சீனி கூடிநின்றால் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதில் சோர்ந்துபோகும், தையல் காய நாளெடுக்கும். வெறும் புண்ணென்றால் பொறுக்கலாம். உலோகத்தில் ஒட்டிய கிருமியோ தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். மருந்து உள்ளே சரியாக எட்டாது, பல வேளை மூட்டையே கழற்றவேண்டி வரும். இந்தத் தொற்று நூற்றில் ஒருவர் இருவருக்கு நேர்வதுதான், ஆனால் நீரிழிவுக்காரருக்கு வாய்ப்புக் கூட. தொற்று இல்லாவிட்டாலும் தொடைத் தசை இருக்கிறது. வெட்டிய பிறகு மெலியும் அந்தத் தசையைத் திரும்பக் கட்டப் புரதம் வேண்டும். நம் கோப்பையிலோ சோறு மலைபோல, மீன் ஒரு துண்டு. வன்னியில் விளைகிற பயறும் கச்சானும் சந்தைக்குப் போய்விடுகின்றன.

"நடக்க முடியாமல்தானே ஒப்பரேஷன் கேட்கிறோம், சீனியை எப்படிக் குறைப்பது?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சோற்றைக் குறைக்கவும் மாத்திரையைத் தவறாமல் போடவும் நடக்கவேண்டியதில்லை; கதிரையில் இருந்தபடி காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்கலாம். எச்பிஏ1சி சோதனை காட்டுவது கடந்த மூன்று மாதச் சீனியை. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருக்கும் மாதங்களை இதற்கே செலவழிக்கலாம். முறை வந்தபின் சீனி கூடவென்று திருப்பி அனுப்பப்படுவதுதான் உண்மையான இழப்பு.

அதற்காக எச்பிஏ1சிக்கு 7.5, 8 என்று கோடு கிழித்து, தாண்டியவரை வாசலிலேயே மறிப்பதும் சரியல்ல. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர். அவர்களுக்கு இரத்தச்சோகையும் சேர்ந்தால் இந்த எண்ணே பிழையாகக் காட்டலாம். போரில் ஒரு காலை இழந்து, மற்ற முழங்காலில் இத்தனை வருடம் முழுப் பாரத்தையும் இறக்கியவருக்கு 8.2 வந்தால்? அவரை வோட்டில் வைத்து இன்சுலின் கொடுத்துச் சீனியை இறக்கலாம். சத்திரசிகிச்சை நிபுணரும் பொதுமருத்துவ நிபுணரும் அவருடைய கொப்பியை ஒரே மேசையில் வைத்துப் பேசவேண்டும்.