ஓவர்கிளாக் செய்தால் பிராசசர் எரிந்துவிடுமா?

புனேயில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. பிராசசரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பக்கமே போகாதீர்கள், இந்த ஊர் ஏப்ரல் வெயிலில் பிராசசர் எரிந்துவிடும், வாரண்டியும் போய்விடும், கம்பெனி வைத்த செட்டிங்கே பாதுகாப்பு. ஹிஞ்சவடியிலும் கராடியிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதை அப்படியே நம்புகிறார்கள். அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனால் இதில் பாதிக்கு மேல் தவறு. தவறான இடத்தைக் காட்டிப் பயமுறுத்துவதால், உண்மையில் கவனம் வேண்டிய இடம் கண்ணில் படாமல் போகிறது.

முதலில் எரிவது பற்றி. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஏஎம்டி அத்லான் பிராசசரின் தலையிலிருந்து கூலரைக் கழற்றியதும் சில நொடிகளில் புகை வந்தது. அதே சோதனையில் இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. பார்த்தவர்கள் மனதில் நின்றது அந்தப் புகை மட்டும்தான். அதன் பிறகு வந்த பிராசசர்கள் பென்டியம் 4 போன வழியில்தான் வந்திருக்கின்றன. ரைசன் 7000 வரிசை 95 டிகிரியைத் தொட்டதும், அண்மைக்கால இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் ஏறக்குறைய 100 டிகிரியில், தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும்.

அப்படியானால் பிராசசரைக் கெடுப்பது எது? பெரும்பாலும் வோல்டேஜ். பிராசசர் உண்ணும் மின்சாரம் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். வேகத்தை மட்டும் 5 சதவீதம் கூட்டினால் வெப்பமும் சுமார் 5 சதவீதம்தான் கூடும். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால் 21 சதவீதம் கூடும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 27. இதோடு முடிவதில்லை. வோல்டேஜ் ஏறினால் டிரான்சிஸ்டர்களின் மெல்லிய காப்புப் படலம் சீக்கிரம் தேய்கிறது; மின்னோட்டம் மிகுந்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகளின் அணுக்கள் இடம்பெயர்கின்றன. இந்தத் தேய்மானத்தை எந்த சென்சாரும் காட்டாது. புதிதாக முயல்பவருக்கு நான் சொல்லும் ஒரே கட்டாய விதி இதனால்தான்: வோல்டேஜைக் கையால் கூட்டாதீர்கள். ஒரு வேகத்தில் ஓடவில்லை என்றால் இறங்கி வாருங்கள். வோல்டேஜ் கொடுத்து அதை ஓட வைக்கப் பார்க்காதீர்கள்.

கம்பெனி வைத்தது பாதுகாப்பு என்ற வாதம் 2024-இல் அடிபட்டுப் போனது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பலவற்றில், உரிமையாளர் எதையுமே தொடாமல், விளையாட்டுகள் பாதியில் நின்றன, நீலத் திரை வந்தது. சிப்புக்குள் ஓடும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது ஒரு காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுத்தது. வாரண்டியும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. முந்தைய ஆண்டு ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகின. ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்போ செட்டிங்கைப் போட்டதும் மதர்போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கான வோல்டேஜை ஏற்றியதுதான் அங்கே விவகாரம். அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்த பிறகுதான் அடங்கியது. ஓவர்கிளாக் வேண்டாம் என்று சொல்லும் அதே கடைகளில் பலவும் எக்ஸ்போவையோ, இன்டெல் பக்கத்தில் அதற்கு இணையான எக்ஸ்எம்பியையோ போட்டுத்தான் கணினியைத் தருகின்றன. இரு நிறுவனங்களின் கணக்கிலும் அதுவும் ஓவர்கிளாக்கிங்தான்.

புனே வெயில் விஷயத்துக்கு வருவோம். டிசம்பர் இரவில் 12 டிகிரிக்குக் கீழே போகும் ஊர், ஏப்ரல் மதியத்தில் 40-ஐத் தொடும். கூலரால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 10 டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். 22 டிகிரி அறையில் முழுச் சுமையில் 78 காட்டும் பிராசசர் 38 டிகிரி அறையில் 94-ஐத் தொடும். ஆகவே டிசம்பரில் பார்த்துத் திருப்திப்பட்ட செட்டிங் ஏப்ரலில் தள்ளாடினால் அதில் ஆச்சரியம் இல்லை. வெயில் காலத்து மதியத்தில், ஏசி போடாமல் சோதித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் செய்தால் வெப்ப வரம்புக்குக் கீழே 15, 20 டிகிரி இடைவெளி விட்டு வையுங்கள்.

வெயிலைவிடத் தூசிதான் இங்கே பெரிய தொல்லை. கட்டட வேலை நடக்கும் பகுதியில் வீடு என்றால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கூலர் ஃபேனை எடுத்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். காற்று அதைத் தாண்டிப் போவதே இல்லை. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, புளோயரால் ஊதுங்கள். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். புத்வார் பேட்டின் தப்கீர் கல்லிப் பக்கம் போனால் இதற்கான சாமான்கள் கிடைக்கும். இதையெல்லாம் செய்யாமல், செட்டிங் மாற்றும் பயாஸைத் திறக்க வேண்டாம்.

வாரண்டி பற்றிச் சொல்வது மட்டும் உண்மை. வரம்பை மீறி ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இன்டெல்லும் ஏஎம்டியும் பொறுப்பேற்பதில்லை. இதற்கென்று இன்டெல் தனியாக விற்ற பாதுகாப்புத் திட்டமும் 2021-இல் நின்றுபோனது. பிராசசர் போனால் வேறு வாங்க வழியில்லை என்பவர் வேகத்தைக் கூட்ட வேண்டாம். அவர் பவர் வரம்பைக் குறைத்துப் பார்க்கலாம். ரைசன் 7950எக்ஸ் முழுச் சுமையில் 230 வாட் வரை இழுக்கும். ஈகோ மோடில் 142 வாட்டுக்கு இறக்கினால் இழக்கும் வேகம் கொஞ்சம்தான், குறையும் சூடோ அதிகம்.

செய்யத் துணிந்தவர், முதல் நாள் எதையும் மாற்றாமல் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஓட்டி, சூட்டையும் மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இன்டெல் என்றால் பெயரில் கே எழுத்தும் இசட் வரிசை மதர்போர்டும் தேவை. ரைசனுக்கு பி அல்லது எக்ஸ் வரிசை போர்டு. ரைசனில் நல்ல தொடக்கம் கர்வ் ஆப்டிமைசர்: எல்லா கோர்களுக்கும் மைனஸ் 10. அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போகும்; மிச்சமாகும் இடத்தில் சிப் தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். இதைச் சோதிக்கும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. முழுச் சுமையில் மணிக்கணக்கில் ஓடிய கணினி, இரவில் சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகலாம்; லேசான வேலையில்தான் வோல்டேஜ் பற்றாக்குறை வெளியே தெரியும். காலையில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருள் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைனஸ் 5-க்கு வாருங்கள்.

சிப் எரிவதைவிடப் புதியவர் அஞ்ச வேண்டியது இந்தச் சத்தமில்லாத பிழைகளுக்குத்தான். கணக்கில் ஒரு பிட் தவறினால் கணினி நிற்காமலே கோப்பைக் கெடுத்து எழுதிவிடலாம். குழந்தையின் படங்களும் அலுவலக வேலையும் அதே வட்டில் இருந்தால், முதலில் வெளி வட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். திரையே வராமல் போனால் பதற்றம் வேண்டாம்: மின் இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டில் கிளியர் சிமாஸ் என்றிருக்கும் இரு முனைகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சில நொடி இணைத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வரும். பயாஸ் அப்டேட் மட்டும் வேறு கதை. பாதியில் கரண்ட் போனால் போர்டே செயலிழக்கலாம். மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் வியாழக்கிழமையில் அதைச் செய்யாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மிகை உண்டு: ஓவர்கிளாக் செய்தால் காசில்லாமல் பெரிய வேகம் கிடைக்கும் என்பது. 1998-இல் அது நிஜம். 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ பலருக்கு 450-இல் ஓடியது. இன்றைய சிப்புகளில் அந்த இடத்தை டர்போவும் பூஸ்ட்டும் தொழிற்சாலையிலேயே எடுத்துக்கொண்டன; நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சில சதவீதம். கடிகாரத்தை ஏற்றுவது ஒன்றே வேகத்துக்கு வழி என்பதும் சரியில்லை. இதே புனேயில் சி-டாக் நிறுவனம் 1991-இல் உருவாக்கிய பரம் 8000, சாதாரண வேகம் கொண்ட டிரான்ஸ்பியூட்டர் சிப்புகளை வரிசையாகக் கோர்த்துத்தான் சூப்பர் கம்ப்யூட்டர் ஆனது. உங்கள் கணினியிலும் இதே வழி உண்டு: ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், பயாஸைத் தொடும் முன் அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விளையாட்டுகளின் வேகம் அதனால் கூடும் அளவை எந்த ஓவர்கிளாக்கும் தராது.