ஐந்தாம் ஓட்டக்காரரின் இடம்

தடகளப் பாதையை விட்டு விலகிப் புல்வெளி, மண்பாதை, மேடு பள்ளம் ஆகியவற்றின் ஊடாக ஓடப்படும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் பார்வைக்குத் தனிநபர் போட்டியாகத் தோன்றினாலும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அது அடிப்படையில் அணிப் போட்டியாகவே நடத்தப்படுகிறது. ஓர் அணியில் ஓடும் எழுவரில் முதலில் வந்து சேரும் ஐவரின் இடங்களைக் கூட்டிவரும் தொகையே அணியின் புள்ளி என்பதாலும், குறைந்த புள்ளி பெறும் அணியே வெல்லும் என்பதாலும், முதல் ஐந்து இடங்களையும் ஒரே அணி பிடித்தால் கிடைக்கும் 15 புள்ளியே எட்டத்தக்க மிகச் சிறந்த எண்ணிக்கையாகும். ஆறாமவரும் ஏழாமவரும் தம் அணிக்குப் புள்ளி சேர்ப்பதில்லை. எனினும் எதிரணியின் ஐந்தாமவரை முந்திவிட்டால் அவ்வணியின் தொகையை அவர்கள் ஏற்றிவிடுகின்றனர். இரண்டு அணிகள் சமன் செய்யும்போது ஆறாமவரின் இடமே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இவ்விதி எல்லாப் பயிற்றுநர்களும் அறிந்ததே. ஆனால் பெரிய போட்டியில் அதன் விளைவு எவ்வளவு மாறிவிடுகிறது என்பது பயிற்சித் திட்டங்களில் போதிய அளவு தெரிவதில்லை. நூற்றுக்கணக்கானோர் ஓடும் ஓட்டத்தில் முன்வரிசையினர் இடைவெளிவிட்டு வந்து சேர, நடுப்பகுதியினர் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றனர். நடுவில் நொடிக்கு மூவர் எல்லைக்கோட்டைக் கடப்பதாகக் கொண்டால், அங்கே நான்கு நொடி பிந்தும் ஐந்தாமவர் பன்னிரண்டு இடங்களை இழக்கிறார். அதே நான்கு நொடியை இழக்கும் முதலாமவருக்கோ ஓரிரண்டு இடங்களே போகும். அணியின் நட்சத்திரத்துக்குச் செலவிடப்படும் கவனத்தில் பாதியாவது நான்காமவர் முதல் ஏழாமவர் வரை உள்ளோருக்குச் சேர வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள வான் கார்ட்லண்ட் பூங்காவில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடைபெறும் மன்ஹாட்டன் அழைப்புப் போட்டி இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், அதாவது 2.5 மைல் நீளமுள்ள அதன் தடம் அகன்ற புல்வெளியில் தொடங்கி, ‘மாட்டுப் பாதை’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஒடுங்கிய வழிக்குள் நுழைந்து, நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தைக் கடந்து மேடுகளில் ஏறி இறங்கித் திரும்புகிறது. புல்வெளியில் பின்தங்கியவர் ஒடுங்கிய வழிக்குள் நுழைந்தபின் எவ்வளவு வலுவுடையவராயினும் முந்த இடமின்றித் தவிக்கிறார். பாலத்தருகே நின்றுகொண்டு ‘முந்து, முந்து’ என்று கூவுவதால் பயிற்றுநருக்குத் தொண்டை வறள்வதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை.

மறுபுறம், தொடக்கத்தில் கண்மூடித்தனமாகப் பாய்வதும் கேடே. ஓட்டம் தொடங்கியபின் உடலின் ஆக்சிஜன் பயன்பாடு தேவையான அளவை எட்ட ஓரிரு நிமிடங்கள் பிடிக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறை எனப்படும் அவ்விடைவெளியை ஆக்சிஜன் துணையின்றித் தசைகள் உண்டாக்கும் ஆற்றல் நிரப்புகிறது. அளவுக்கு மீறிய வேகத்தில் அச்சேமிப்பு கரைந்துவிட்டால், பாலத்துக்கு அப்பாலுள்ள மேடுகளில் கால்கள் கனத்துப்போகின்றன. ஆகவே பழக்கப்படுத்த வேண்டியது பாய்ச்சலை மட்டுமன்று. இருநூறு மீட்டர் விரைந்து ஓடி இடம் பிடித்தபின், இடத்தை விடாமல் மூச்சைச் சீராக்கிக்கொண்டு போட்டி வேகத்துக்கு இறங்கும் திறனையும் சேர்த்தே பழக்க வேண்டும். இதைத் தனியாக ஓடிக் கற்க இயலாது. எழுவரும் தோளோடு தோள் உரச, புல்லில், ஒடுங்கும் வழியை நோக்கி ஓடியே கற்க வேண்டும்.

தொடக்கக் கோட்டில் ஒவ்வோர் அணிக்கும் சுண்ணாம்பால் வரையப்படும் ஒதுக்கிடம் குறுகியது; அதன் முன்வரிசையில் இருவரோ மூவரோதான் நிற்க முடியும், ஏனையோர் அவர்கள் முதுகைப் பார்த்தபடி பின்னே நிற்க வேண்டும். முன்னிடத்தை அணியின் முதல்வருக்கே கொடுப்பது வழக்கம். ஆனால் கூட்டத்தை விரைவில் கடந்துவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. அது இல்லாத நான்காமவரையும் ஐந்தாமவரையும் அங்கே நிறுத்திப் பார்ப்பது நல்லது.

போட்டி முடிந்தபின் பதிவேட்டில் ஓட்ட நேரத்தை மட்டும் குறித்துவைப்பதாலும் பயன் சிறிதே. தடத்துக்குத் தடம் மேடும் தூரமும் மாறுவதால் அந்நேரங்கள் ஒப்பிடத் தக்கவை அல்ல. ஒடுங்கிய வழிக்குள் நுழைகையில் எத்தனையாவது இடம், எல்லைக்கோட்டில் எத்தனையாவது இடம் என்று நான்காமவர் முதல் ஏழாமவர் வரை ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாளர் குறித்துக்கொடுத்தால், அடுத்த வாரப் பயிற்சியில் தொடக்கத்தைத் திருத்த வேண்டியவர் யார், மேடேறப் பழக வேண்டியவர் யார் என்பது அவ்விரு எண்களிலிருந்தே பெரும்பாலும் புலப்படும்.