பர்லியார் ஏற்றமும் மின்சாரப் பந்தய வண்டியும்

நமது தேசத்து வாலிபர்கள் தாங்களே திட்டமிட்டு, தாங்களே செய்து, தாங்களே ஓட்டும் மின்சாரப் பந்தய வண்டிகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில், கரி மோட்டார் பந்தயத் தளத்தில், ‘பார்முலா பாரத்’ என்னும் போட்டி பல வருஷங்களாக நடந்து வருகிறது. இன்ஜினீயரிங் கலாசாலை மாணவர்களுக்கென்றே ஏற்பட்ட இப்போட்டியில் பெட்ரோல் வண்டிகளோடு மின்சார வண்டிகளும் கலந்து கொள்ளுகின்றன. இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் அபிப்பிராயம் முற்றும் தவறானது.

இவ்வகைப் போட்டிகளுக்கு முன்மாதிரியாக விளங்கும் ஜெர்மானிய விதிகளைச் சற்றே கவனிப்போம். மொத்த மதிப்பெண் 1,000. நேர் பாதையில் 75 மீட்டர் பாய்ந்து காட்டுவதற்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கே. வண்டியை ஏன் இவ்வாறு அமைத்தோம் என்று நடுவர்முன் காரணம் கூறி நிலைநாட்டுவதற்கு 150. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்கு இன்னும் பெரிய பங்கு. அதனைச் சிக்கனமாகச் செய்வதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பரிசோதனை உண்டு. மின்சார வண்டியின்மீது 120 விநாடி தண்ணீர் தெளித்து, மின்கசிவு உண்டா என்று பார்க்கிறார்கள். 600 வோல்ட் வரை மின்னழுத்தம் அனுமதிக்கப்பட்ட வண்டியில் இந்தக் கண்டிப்பு வேண்டியதே. ஆகவே பரிசு பெறுவது வெறும் வேகமன்று, விவேகமும் பொறுப்புமே.

2023-ல் ஸ்விட்ஸர்லாந்து மாணவர்கள் செய்த மின்சார வண்டி, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 விநாடியில் எட்டிற்று. நம்மவரும் சும்மா இருந்துவிடவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் 2012-லேயே தங்கள் மின்சார வண்டியை இங்கிலாந்துப் போட்டிக்குக் கொண்டு சென்றனர். திறமையில் நாம் தாழ்ந்தவரல்லர். குறை வேறிடத்தில் இருக்கிறது.

அக்குறையைக் காண மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையே போதும். கல்லாறு கடந்து, பர்லியார்ப் பழத்தோட்டத்தருகே வளைந்து வளைந்து ஏறும் இச்சாலை, சுமார் 1,500 மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. ஓட்டுநரோடு 300 கிலோ நிறையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 1.2 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியிலும் பாட்டரியிலும் எழும் உஷ்ணம் நான்கு மடங்காகும். ஏற்றத்தில் அதைத் தணிக்க எதிர்க்காற்றும் குறைவு. இறங்கும்போதோ, மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பித் தரவல்லது. ஆனால் குன்னூரிலேயே பாட்டரியை முழுதும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டவனுக்கு அச்சக்தியை வாங்கி வைக்க இடமிராது. பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழும். இவ்வுண்மைகளைக் கணக்கிட்டறிந்து வண்டி அமைப்பதே சிருஷ்டி. கடையில் வாங்கிய பாகங்களைப் பூட்டி வர்ணம் பூசுவது சிருஷ்டியாகாது.

இங்கேதான் நமது கவலை. பாட்டரியின் உயிரான லித்தியம் மின்கலங்களில் பெரும்பகுதி இன்றும் அந்நிய நாடுகளிலிருந்தே வருகிறது. பெட்ரோலுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த நாம், நாளை மின்கலத்திற்கும் அவ்வாறே எதிர்பார்ப்பதானால் மாறியது என்ன? 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து கோவை ஆலைகளை ஓட்டியது. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் அந்நகரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினர். பின்னாளில் கரிவரதன், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே இந்தியப் பந்தய வண்டிகளைச் சமைத்தார். அவர் பெயர் தாங்கிய தளத்தில் அந்நியப் பாகங்களை மட்டும் ஓடவிடுவது அவர் நினைவுக்குப் பெருமை தராது.

என்ன செய்யலாம்? பந்தய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சொல்லுகிறோமில்லை; அது அபாயமும் சட்டவிரோதமுமாகும். சாதாரண மின்சாரக் கார் ஒன்றில் அளவைக் கருவிகளைப் பொருத்தி, பர்லியார் ஏற்றத்திலும் இறக்கத்திலும் மின்னோட்டம், உஷ்ணம், திரும்பி வரும் சக்தி ஆகியவற்றை மாணவர்கள் குறித்து வரட்டும். அக்கணக்கைக் கலாசாலைகள் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளட்டும். வண்டிக்காகப் பட்டறையில் உழைக்கும் நேரத்தைப் பாடத்தின் பகுதியாகவே ஏற்று மதிப்பெண் வழங்கட்டும். கோவைத் தொழிலதிபர்கள் விளம்பரப் பலகைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும், மோட்டாரையும் அதை ஆளும் கருவியையும் இங்கேயே செய்து பார்க்கும் மாணவர்களுக்கு அளிக்கட்டும். முதல் முயற்சி தோற்கலாம். பரிசோதனையைத் தாண்டாமலே வண்டி திரும்பலாம். அந்தத் தோல்வியிலும் கல்வி உண்டு. இரவல் வெற்றியில் அதுவும் இல்லை.

மலை எவர் முகத்தையும் பார்த்துச் சலுகை காட்டுவதில்லை. அதன் கணக்குக்கு விடை சொல்லத் தெரிந்த வாலிபன் உலகத்தின் எந்தக் களத்திலும் நிமிர்ந்து நிற்பான். அத்தகையோரை ஆக்குவது நமது கலாசாலைகளின் கடமை. ஆதரிப்பது நம் அனைவரின் கடமை.