ஃபாஸ்டிங் சுகர் 108... பயப்படணுமா, கண்டுக்காம விட்டுடலாமா?

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எல்லாம் சரியாக இருக்க, 'ஃபாஸ்டிங் குளூக்கோஸ் - 108' என்பது மட்டும் தடித்த எழுத்தில். உங்களுக்கு வயது 27. அடுத்து இரண்டில் ஒன்று நடக்கும். 'ஐயோ, சுகர் வந்துருச்சு' என்று அன்றிரவே சோற்றை ஒதுக்குவீர்கள். இல்லை, 'நம்ம வயசுக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று ஃபைலை மூடிவிடுவீர்கள்.

ரெண்டுமே வேண்டாம். 108 என்பது சர்க்கரை நோய் இல்லை. நிம்மதியாகத் தூங்கவேண்டிய நம்பரும் இல்லை. நடுவில் இருக்கும் இந்த இடத்துக்குப் பெயர் ப்ரீ-டயாபட்டீஸ்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இன்டியாப் ஆய்வு, நாடு முழுக்க 20 வயதுக்கு மேற்பட்ட 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்தது. அதன் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ப்ரீ-டயாபட்டீஸில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர். தியேட்டருக்குள் உட்கார்ந்திருப்பவர்களைவிட வெளியே க்யூவில் நிற்பவர்கள் அதிகம். க்யூவில் நிற்கும் எல்லோரும் உள்ளே போயே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதுதான் இங்கே நல்ல செய்தி.

எந்த டெஸ்ட், எந்த நம்பர்?

'சுகர் எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால், 'எந்த டெஸ்ட்ல?' என்று கேட்கணும். டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் முதல் இரண்டிலும் கணக்கு.

* ஃபாஸ்டிங் (குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல்): 100-க்குக் கீழே நார்மல். 100 - 125 ப்ரீ-டயாபட்டீஸ். 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.
* 75 கிராம் குளூக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140-க்குக் கீழே நார்மல். 140 - 199 ப்ரீ-டயாபட்டீஸ். 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.
* ஹெச்பிஏ1சி (கிட்டத்தட்ட 3 மாத சராசரி): 5.7 சதவிகிதத்துக்குக் கீழே நார்மல். 5.7 - 6.4 ப்ரீ-டயாபட்டீஸ். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

இவை அமெரிக்க டயாபட்டீஸ் அசோசியேஷனின் அளவுகோல்கள். உலக சுகாதார நிறுவனமோ ஃபாஸ்டிங்கில் 110-லிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. அதனால்தான் அதே 108-ஐ ஒரு லேப் தடித்த எழுத்தில் போடுகிறது, இன்னொரு லேப் கண்டுகொள்வதில்லை.

இன்னும் சில விஷயங்கள். வீட்டு குளூக்கோமீட்டரில் 15 சதவிகிதம் வரை முன்னே பின்னே காட்டுவது அனுமதிக்கப்பட்ட அளவுதான். நிஜத்தில் 108 இருந்தால், மெஷின் 92-ம் காட்டலாம், 124-ம் காட்டலாம். காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் சுகரை ஏற்றிவிடும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், ஹெச்பிஏ1சி உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். நம் நாட்டில் 15 - 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. எனவே, பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரீடிங்கை வைத்து டாக்டர்கள் 'சுகர்' என்று முத்திரை குத்துவதில்லை. உறுதிசெய்ய இரண்டாவது முடிவும் வேண்டும்.

'நான் ஸ்வீட்டே சாப்பிடறதில்லையே..?'

ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தும் காலையில் சுகர் எப்படி ஏறுகிறது? நாம் தூங்கும்போது உடம்புக்குத் தேவையான குளூக்கோஸைக் கல்லீரல்தான் ரத்தத்தில் விடுகிறது. 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால், அந்தப் பேச்சு எடுபடாது. கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் இருப்பவர்களும் இதில் அடக்கம்.

உங்கள் ரிஸ்க் எவ்வளவு என்று இப்போதே கணக்குப் போடலாம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.மோகன் குழுவினர் உருவாக்கிய 'இந்தியன் டயாபட்டீஸ் ரிஸ்க் ஸ்கோர்' இருக்கிறது. ஊசி வேண்டாம், ஒரு இன்ச் டேப் போதும்.

* வயது: 35-க்குக் கீழே 0, 35 - 49 என்றால் 20, 50-ம் அதற்கு மேலும் 30.
* இடுப்பளவு: ஆண்களுக்கு 90 செ.மீ-க்குக் கீழே, பெண்களுக்கு 80-க்குக் கீழே 0. அதிலிருந்து 10 செ.மீ வரை கூடினால் 10, அதையும் தாண்டினால் 20.
* உடலுழைப்பு: உடற்பயிற்சியும் உண்டு, வேலையிலும் உழைப்பு உண்டு என்றால் 0. ஏதோ ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30.
* பெற்றோர்: ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

60-ஐத் தொட்டால் ஹை ரிஸ்க். 27 வயது, 92 செ.மீ இடுப்பு, நாள் முழுக்க லேப்டாப், அப்பாவுக்குச் சுகர். அப்படி ஒருவருக்கு 0 + 10 + 30 + 10 = 50. 'இன்னும் 60 வரலையே' என்று சந்தோஷப்பட வேண்டாம். எதையுமே மாற்றாமல் 35-வது பிறந்தநாள் கேக் வெட்டினால், அன்றைக்கே 70. வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. நடுவில் இருக்கும் இரண்டும் நம் கையில்.

மாற்றினால் பலன் உண்டா?

உண்டு. அதற்கான ஆதாரமும் நம் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி, 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்ட 531 பேரும் குளூக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்ட்டில் நடு ரேஞ்சில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவிகிதம் பேருக்கு 3 வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் நடை, சாப்பாட்டில் மாற்றம் என்று இருந்தவர்களில் அது 39.3 சதவிகிதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. அதாவது, நடையும் தட்டும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை.

ஆனால், ஒழுங்காக இருந்தவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு வந்திருக்கிறது. '21 நாளில் சுகரை ஓடவிடலாம்' என்று ரீல்ஸ் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. மரபணுவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் சோம்பேறிகள் இல்லை. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாறுவதும் தீர்வு இல்லை. ரத்தத்துக்குப் போனால் எல்லாம் குளூக்கோஸ்தான். தட்டில் சோறு பாதியாகி, அந்த இடத்துக்குச் சுண்டல், முட்டை, கீரை, பொரியல் வரட்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் வீடு வீடான பரிசோதனை 30 வயதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கும் கீழே இருப்பவர்களில் பலருக்கு டெஸ்ட் என்பது கம்பெனி தயவு. ஐ.டி-யில் இருப்பவருக்கு வருடத்துக்கு ஒரு ரிப்போர்ட் வந்துவிடும். ஃபுட் டெலிவரி செய்பவருக்கும், துணிக்கடையில் வேலை பார்ப்பவருக்கும் வராது. அவர்களுக்கு 108 இருந்தாலும் தெரியாது, 180 இருந்தாலும் தெரியாது.

உங்கள் ரிப்போர்ட்டில் நடு ரேஞ்ச் நம்பர் இருந்தால், டாக்டரைப் பார்த்து, டெஸ்ட்டை இன்னொரு முறை எடுங்கள். அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், காரணமில்லாமல் எடை குறைவது... இதெல்லாம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இளம் வயதில் வரும் டைப் 1 வகையாகவும் இருக்கலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. காலையில் வெறும் வயிற்றோடு போகணும், அவ்வளவுதான். போகும்போது, ரிப்போர்ட்டே வராத அந்த நண்பரையும் கூட்டிட்டுப் போங்க.