இக்கரைக்கும் வரலாறு உண்டு

பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர்களே பரப்பும் ஒரு பொய் இருக்கிறது. "நம்ம ஊருல பாக்க என்ன இருக்கு?" என்பது அது. கோலாலம்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவினர் வந்தால், பசியாறிய கையோடு அவர்களை ஃபெர்ரியில் ஏற்றுகிறோம். இல்லையென்றால் காரில் பாலம் கடக்கிறோம். லிட்டில் இந்தியா, தண்ணீர்மலை, கொடிமலை, சுவரோவியங்கள், நாசி கண்டார் என்று தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, உறங்குவதற்கு மட்டும் இக்கரைக்குக் கூட்டி வருகிறோம். வந்தவர்களும் பினாங்கைப் பார்த்தாகிவிட்டது என்ற நிறைவோடு ஊர் திரும்புகிறார்கள். வரலாறெல்லாம் அக்கரையில், இக்கரையில் துறைமுகமும் தொழிற்சாலையும் தாமான் வீடுகளும்தான் என்ற நம்பிக்கை நம் அப்பா அம்மா காலத்திலேயே வேர் பிடித்துவிட்டது. அது தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். அந்த நம்பிக்கையால் இங்கே பழைய இடங்கள் கேட்பாரின்றி அழிகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

பினாங்குத் தீவின் பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இக்கரையான செபராங் பிறை அதைப்போல் இரண்டரை மடங்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவில் ஏறக்குறைய 7 லட்சத்து 94 ஆயிரம் பேர், இக்கரையில் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். 2019இல் செபராங் பிறை மாநகர் தகுதியும் பெற்றுவிட்டது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையைப் பெற்ற ஆங்கிலேயர், அன்றைய இந்தியத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். பட்டர்வொர்த்துக்குப் பெயர் தந்தவர் 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர். பள்ளிப் பாடத்தில் இக்கரையின் கதை பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர்கள் தங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கெபாலா பத்தாஸ் வட்டாரத்தில் குவார் கெப்பா என்று ஓர் இடம். கற்கால மக்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பிகள் குன்று குன்றாகக் குவிந்த இடம் அது. சுண்ணாம்பு சுடுவதற்காக அந்தச் சிப்பி மேடுகளை வெட்டி அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 1860இல், ஏர்ல் என்ற ஆங்கிலேய அதிகாரி அதன் அருமையை முதலில் பதிவு செய்தார். 1934இல் வான் ஸ்டெய்ன் காலன்ஃபெல்ஸ் தோண்டினார். அப்போது கிடைத்த எலும்புகள் ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டன. 2017இல் அங்கே மீண்டும் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பினாங்கின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய மனித உடல் தீவில் கிடைக்கவில்லை. இங்கே, நெல் வயல்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?

"பாக்குற மாதிரி இடமா இருந்தா இந்நேரம் பேர் வாங்கியிருக்காதா?" என்று கேட்பார்கள். இக்கரையில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையின் வலுவான வாதம் இதுதான். ஆகவே இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இன்று உலகமே வந்து படமெடுக்கும் ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளை 1990களில் யார் பார்க்கப் போனார்கள்? ஒழுகும் கூரை, பாசி பிடித்த சுவர், நெருக்கடி என்றுதான் அந்தத் தெருக்களைப் பற்றிப் பேசினோம். 2000 ஜனவரி 1ஆம் தேதி வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த குடும்பங்கள் வெளியேறின. இனி எல்லாம் இடிந்து போகும் என்றே பலரும் நினைத்தார்கள். எட்டே ஆண்டுகளில், 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அந்த எட்டு ஆண்டுகளில் செங்கல் மாறவில்லை. 1986இல் தொடங்கிய பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் அவர்களைப் போன்ற பலரும் தெருத் தெருவாக நடந்து, எழுதி, வாதாடியதன் பலன் அது. பேர் எடுத்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று அவர்களும் காத்திருந்தால் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நம் தமிழர்களிடம் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. பணம் சேர்த்து, விமானம் ஏறி, மாமல்லபுரம் போய்ப் பல்லவர் கல்லைத் தொட்டுப் பார்க்கிறோம். போக வேண்டியதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்குள்ளேயே ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. செரோக் தோக்குன் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அந்தப் பாறையில் பல்லவ எழுத்து வகையில் சமஸ்கிருத வாசகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வயது ஏறத்தாழ 1,500 ஆண்டுகள். கர்னல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி 1845இல் அதை வெளியுலகுக்குச் சொன்னார். ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அவர்களில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஏராளம். நேர்த்தி வைத்துப் போகும் இந்துக்களும் உண்டு. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், மலையேறுகிறார்கள், 1888இல் கட்டிய பழைய கோயிலில் வேண்டிக்கொள்கிறார்கள். பாறைக்கு முன்னால் நிற்பவர்கள் மிகச் சிலரே.

அதே ஜேம்ஸ் லோ 1834இல் இக்கரையின் வட பகுதியில் இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன், தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிக்கொண்டு பொறித்த கல் அது. அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்பது அறிஞர்களின் முடிவு. கல் இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவை தமிழ்க் கல்வெட்டுகள் அல்ல. அப்படிச் சொல்லிப் பெருமைப்படவும் தேவையில்லை. வங்கத்து மாலுமி ஒருவன் கடலில் உயிர் பிழைக்க வேண்டி நின்ற கரையில்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். அதைத் தெரிந்துகொள்ள அந்த எழுத்து நம் மொழியாக இருக்க வேண்டுமா?

மேடை ஏறினால் கடாரம் கொண்ட ராஜேந்திரனைப் பேசாத தமிழ்ப் பேச்சாளர் இந்நாட்டில் குறைவு. 1025இல் அவன் படை வந்த கெடாவின் பழைய துறைமுகப் பகுதி பூஜாங் பள்ளத்தாக்கு. பட்டர்வொர்த்திலிருந்து மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் காரில் ஒரு மணி நேரம் போதும். கடாரத்தைப் பேசுகிற நாம் அங்கே போயிருந்தால், 2013இல் அப்பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டியை ஒரு நில மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளியபோது அன்றே குரல் எழுந்திருக்கும். அது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில் அடித்தளம். இடிபட்டது வெளியே தெரியவந்ததே பிறகுதான். அப்போது கற்கள் இல்லை. யாரும் போகாத இடத்தை இடிப்பதற்கு யாரிடமும் பயப்பட வேண்டியதில்லை.

இக்கரையில் தமிழர் கதை கரும்பில் தொடங்குகிறது. சீனர்கள் பத்து காவான் பக்கம் முதலில் கரும்பு பயிரிட்டார்கள். 1840களிலிருந்து ஐரோப்பியர்கள் பெரிய தோட்டங்கள் போட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, படகில் இக்கரைக்கு வந்தவர்கள்தான் நம் முப்பாட்டன்மார். செட்டியார்களும் வணிகர்களும் தீவில் தெருக்களும் கோயில்களும் கட்டி நிலைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பகுதியினரின் வியர்வை விழுந்தது இந்த மண்ணில். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்துகொண்டிருந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை. செம்பனைக்குப் பின் வீடமைப்புத் திட்டம்.

நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில், செம்பனைக்கு நடுவே ஒரு பாழடைந்த மாளிகை நிற்கிறது. 99 கதவு மாளிகை என்பார்கள். பினாங்குச் சர்க்கரைத் தோட்டங்களின் உடைமையாளர்களான ராம்ஸ்டன் குடும்பம் கட்டியது. 1948இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ராம்ஸ்டன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அங்கே போகும் இளைஞர்களில் அநேகர் பேய் பார்க்கப் போகிறார்கள். இரவில் டார்ச் லைட்டோடு போய் காணொளி எடுத்து வருகிறார்கள். என் மனத்தை இதைப்போல் வேறெதுவும் நோகடிப்பதில்லை. ஒரு முதலாளியின் வீட்டுக் கதவுகளை எண்ணிச் சொல்லத் தெரிந்த நமக்கு, அந்தக் கதவுகளுக்குக் காசு கொடுத்த கரும்பை வெட்டியவர்கள் எத்தனை பேர், எந்த லயத்தில் இருந்தார்கள், காய்ச்சலில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பேய்க்கதையை விட்டுவிட்டுப் பகலில் போய் நில்லுங்கள். சுற்றியுள்ள வாய்க்கால்களைப் பாருங்கள். சதுப்பு நிலத்தைக் கரும்பு நிலமாக்க, முழங்கால் சேற்றில் நின்று வெட்டிய கைகளை நினைத்துப் பாருங்கள். தனியார் நிலம் என்பதால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கேட்டுப் போவதில் என்ன குறை?

மறைந்த தோட்டங்களின் வரைபடம் ஒன்று இன்னும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகள்தான் அது. மாலாக்கோப், அல்மா, பைராம், வால்டோர், ஜூரு, பத்து காவான், டிரான்ஸ்கிரியான், மேஃபீல்ட் என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமக்கிறது. சில இடங்களில் தோட்டம் போய்த் தொழிற்பேட்டை வந்துவிட்டது. பெயர் மட்டும் பிள்ளைகளின் சட்டைச் சின்னத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கொரு முறை சுற்றுலா போகும் பேருந்துகள் கேளிக்கைப் பூங்காக்களுக்கு ஓடுகின்றன. பள்ளியின் பெயருக்குக் காரணமான நிலம் எங்கே என்று ஒரு நாள் காட்டக் கூடாதா?

இயற்கையிலும் இதே அலட்சியம்தான். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் கரையைச் சேறு என்கிறோம். வெண்மணல் இல்லை, குளிக்க முடியாது, ஆகவே கடற்கரையே இல்லை என்பது முடிவு. அந்தச் சேற்றைப் பேர்ட்லைஃப் அமைப்பு பறவைகளுக்கான முக்கியப் பகுதியாக அடையாளம் கண்டிருக்கிறது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தில் தெற்கே பறந்துவரும் நோர்ட்மன் பச்சைக்காலி என்ற பறவை இங்கே இரை தேடுகிறது. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அதன் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டாது என்பது மதிப்பீடு. கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக்குள்ளிருக்கும் புழுவும் நண்டும்தான் அதற்கு உணவு. சேற்றை மண் கொட்டி மூடினால் அந்தப் பறவைக்குப் போக்கிடம் இல்லை. நமக்கு அது வெறும் சேறாகவே தெரியும் வரை, மூடுவதற்குத் திட்டம் போடுபவர்களுக்கு வேலை எளிது.

அதே கரையில், பெனாகாவைத் தாண்டி, கோலா மூடாவில் பசார் பீசிக் என்ற மீன் ஏலம் நடக்கிறது. படகு கரை சேர்ந்ததும் மீனைக் கொட்டுகிறார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தங்கள் விலையை மெல்லச் சொல்கிறார்கள். அதிக விலை சொன்னவருக்கு மீன். அடுத்தவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. தோற்றவருக்குப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிவு இல்லை. மலாய் மீனவர்கள் காத்துவரும் இந்த வழக்கம் கேட்பதற்கே அவ்வளவு அழகு. காலையில் பட்டர்வொர்த்திலிருந்து மோட்டாரில் கிளம்பினால் ஏலத்தையும் பார்த்துவிட்டு, மதியச் சோற்றுக்கு மீனோடு வீடு திரும்பிவிடலாம்.

தெற்கே கிரியான் ஆற்றில் இரவானால் மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் கூடுகின்றன. மின்மினிகளைப் பார்க்க வேறு மாநிலத்துக்குப் போய்ப் படகு ஏறும் குடும்பங்கள் நிபோங் திபாலைத் தாண்டித்தான் போகின்றன. புக்கிட் பஞ்சோர் காடும், பத்து மூசாங்கிலிருந்து படகில் போகும் அமான் தீவும் அங்கிருந்து தொலைவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினால் அமைதி கெடும், குப்பை சேரும் என்று எச்சரிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாசேக் குளுகோரில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறம் நிறமாகத் தேங்கி நிற்கும் தவளைக் குன்று இணையப் படங்களால் பேர் வாங்கிய இடம். அங்கே அனுமதியும் பாதுகாப்பும் பெரிய கேள்விகள்; ஆழம் தெரியாத குட்டைக்கருகே பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்பது கூட்டத்தை அல்ல. உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தெரிந்துகொள்வதை. வெளியூர்க் கூட்டம் ஒரு முறை வந்து போகும். உள்ளூர்க்காரர் திரும்பத் திரும்பப் போவார். எது காணாமல் போனது என்பது அவர் கண்ணில்தான் படும்.

போக வசதியில்லை என்பதும் சரியான சாக்கு அல்ல. பட்டர்வொர்த் நிலையத்தில் கொமியூட்டர் ரயில் ஏறினால் தெற்கே புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால். வடக்கே தாசேக் குளுகோர், சுங்கை பட்டாணி. கட்டணமும் அதிகமில்லை. இறங்கிய பிறகு சிறிது தூரம் வாடகைக் கார் தேவைப்படும். வசதிக்குறைவு அவ்வளவே.

மாநில அரசின் சுற்றுலா விளம்பரம் இக்கரைக்கும் உரிய இடம் தர வேண்டும். குவார் கெப்பாவுக்கும் செரோக் தோக்குனுக்கும் தமிழிலும் விளக்கப் பலகை வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவோம். அதற்குக் காத்திராமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டிகள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் காரில் ஏற்றிப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் லயம் எந்தப் பக்கம் இருந்தது, மாரியம்மன் கோயில் எங்கே, கிணறு எங்கே, இடுகாடு எந்த மேட்டில் என்று கை நீட்டிச் சொல்வார்கள். அதை வரைபடத்தில் குறித்து வைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குங்கள், அவர்களுக்கு வயதாகிறது.