இயற்கையின் கணக்கா, நம்முடைய கணக்கா?

கொள்ளைநோய் என்பது ஜனத்தொகையைச் சரிக்கட்ட இயற்கை போடும் கணக்கு என்று நேற்று காலை நடையில் நண்பர் ஒருவர் சொன்னார். படித்தவர், நல்லவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் குமாஸ்தாவாகக் கணக்கு எழுதியவன் நான். கணக்கு என்றால் யார் பெயரில் பற்று எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன்.

1918 விஷக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் செத்தவர்கள் 1.2 கோடிக்குக் குறையாது. 2 கோடி வரை சொல்கிறவர்களும் உண்டு. 1911-ல் 25.2 கோடியாக இருந்த ஜனத்தொகை 1921 சென்ஸஸில் 25.1 கோடி. போன நூற்றாண்டில் நாம் குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

சரி, யார் செத்தார்கள்? பம்பாய் நகரத்தில் ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8, பார்சிகள் 9, தாழ்த்தப்பட்ட சாதியார் 61. அதே ஊர், அதே கிருமி. வீடும் சோறும் வைத்தியமும்தான் வேறு. அந்த வருஷம் மழை பொய்த்துத் தானிய விலையும் ஏறிக் கிடந்தது. பட்டினி கிடந்த உடம்பைக் காய்ச்சல் சுலபமாகச் சாய்த்தது. இதை இயற்கையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது லா ஃபோன்தேன் எழுதிய ஒரு கதைப்பாட்டை மனப்பாடம் பண்ண வைத்தார்கள். மிருகங்களுக்குள் பிளேக். அதிகப் பாவம் செய்தவரைப் பலி கொடுத்தால் நோய் போகும் என்று பஞ்சாயத்து. ஆட்டையும் இடையனையும் தின்ற சிங்கம் தப்பித்தது. மடத்து நிலத்தில் ஒரு வாய்ப் புல் மேய்ந்த கழுதை மாட்டிக்கொண்டது. சின்ன வயதில் சிரித்தேன்.

பம்பாய் பிளேக்குக்காக 1897-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம், நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொன்னால் அதிகாரி மேல் வழக்கு வராமல் காக்கும். 2020 கொரோனாவுக்கும் அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த ஜூன் 19-ந்தேதி, ஊரடங்கில் நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்தார்கள் என்று சொல்லி, இதே சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 23-ந்தேதி விடிந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. சி.பி.ஐ. விசாரித்துப் போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்குப் போட்டது.

இந்த இரண்டு உயிரை எந்தக் கலத்தில் எழுதுவது? காய்ச்சல் என்றா? இயற்கை என்றா?

நோய் தானாக வரலாம். யாருக்குக் கஞ்சி, யாருக்குக் கட்டில், யாருக்கு லத்தி என்று பிரித்துக் கொடுப்பது மனுஷன்தான்.

நண்பர் நாளைக்கும் நடக்க வருவார். அந்தக் கடைத்தெரு வழியாகத்தான் கூட்டிப்போவதாக இருக்கிறேன்.