‘மாமா’ எந்த ஊர்ச் சொல்?

எங்கள் லயத்துக்குப் பலாக்காய் கொண்டுவந்து விற்கும் சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். இலங்கையில், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பு அது. எனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். அவர் கூடையை இறக்கிவைத்து, அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாக அம்மாவோடு கதை பேசி, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். புறப்படும்போது “மம யனவா” என்பார். ‘யனவா’ என்றால் போவது என்று எனக்குத் தெரியும். அதனால், மாமா எங்கோ போகிறார் என்று நினைத்து வாசலுக்கு ஓடுவேன். என் தாய்மாமன் கீழ் டிவிஷனில் வேலை செய்துகொண்டிருந்தார். பாதையில் மாமா இருக்கமாட்டார். அந்த அம்மாதான் கூடையோடு இறங்கிப் போய்க்கொண்டிருப்பார்.

ஒருநாள் அப்பா சொன்னார்: “மம-ன்னா நான். அந்தம்மா ‘நான் போறேன்’னு சொல்லுது.”

இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 1972-இல் எங்கள் குடும்பம் நீலகிரிக்கு வந்தது. படித்தேன், கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது மாதம் தவறாமல் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. கொரியாவில் அப்பாவை ‘அப்பா’ என்றும் அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அழைக்கிறார்களாம். ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்ததாம். அனுப்புகிறவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுடைய தமிழ்ப்பற்றை அறிவேன். அதை ஊட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: முதல் பாதி உண்மை, ‘ஆகவே’க்குப் பிறகு வருவது தவறு.

என்னை வாசலுக்கு ஓடவைத்த அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் தாயோடு பிறந்தவர் மாமா. பெண் கொடுத்தவரும் மாமா. பல ஊர்களில் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். மாமன் மகளுக்கு முறை வைத்த சமூகத்தின் வரலாறே அதில் இருக்கிறது. சீனத்திலும் ரஷ்ய மொழியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும் அதே ஒலிக்கு அம்மா என்று பொருள். ஆண்டிஸ் மலைகளின் கெச்சுவா மக்கள் பூமித்தாயை ‘பச்சமாமா’ என்று வணங்குகிறார்கள்.

ஜார்ஜிய மொழிக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே ‘மாமா’ என்றால் அப்பா. அம்மாவுக்குப் பெயர் ‘டெடா’. கோகெபாஷ்விலி என்ற ஆசிரியர் ஜார்ஜியக் குழந்தைகளுக்காக 1876-இல் வெளியிட்ட பாடநூலின் பெயர் ‘டெடா ஏனா’, அதாவது தாய்மொழி. நடு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா பழங்குடியினருக்கும் ‘மாமா’ அப்பாதான்.

இவர்களில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்? யாரும் வாங்கவில்லை. இந்தச் சொல்லுக்கு விதை போடுவது குழந்தையின் வாய். உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலிகள் ம, ப. பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருப்பதால் முனகல் மூக்கு வழியே வருகிறது. பிறகு பசித்தாலும் அம்மா வேண்டுமென்றாலும் குழந்தை அதையே எழுப்புகிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளிவந்த கட்டுரையில் இதை விளக்கினார். ஜப்பானியக் குழந்தைக்கு ‘மன்மா’ என்றால் சோறு. நம் வீட்டுக் குழந்தைக்கு ‘மம்மம்’. குழந்தை எழுப்பும் ஒலிக்கு அம்மா, அப்பா, மாமா, சோறு என்று பொருள் கொடுப்பது கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள். கொரியாவின் ‘அப்பா’வும் இப்படி வந்ததுதான்.

சிங்கள அம்மாவின் ‘மம’ இந்தக் கூட்டத்திலேயே சேராது. வடமொழியில் ‘மம’ என்றால் ‘என்னுடைய’. சிங்களத்தின் ‘மம’ அந்த வழியில் வந்தது. ‘என்னுடையது, என்னுடையது’ என்ற எண்ணத்தைத்தான் ‘மமதை’ என்று நாமும் சொல்கிறோம். ஆக, நான் மாமாவைத் தேடி ஓடிய அந்தச் சொல்லுக்குத் தமிழில் உறவு இருந்தது. ஆனால் அந்த உறவு மாமா அல்ல, மமதை. ஒலியை மட்டும் கேட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

உண்மையான உறவுகள் பெரும்பாலும் முகம் மாறித்தான் இருக்கின்றன. கன்னடத்தில் பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பாம்பு ‘ஹாவு’, பத்து ‘ஹத்து’. சொல்லின் முதலில் நம் பகரம் நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ஹகரம். ஒரு சொல்லில் அல்ல, சொல்லுக்குச் சொல் இந்த ஒழுங்கு தொடர்கிறது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகூயியில் கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’. அவ்வளவு தொலைவில் இருந்தும் அது நம் உறவு என்று அடையாளம் காட்டுவது இந்த ஒழுங்குதான். ஜப்பானியத்தில் அம்மாவுக்கு ‘ஹஹ’ என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கும் பழைய பகரம்தான் ஹகரமாகியிருக்கிறது. முன்னொரு காலத்தில் அவர்கள் அம்மாவை ‘பப’ என்றிருக்கிறார்கள்! ஒலி மாற்றம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று கன்னடத்தையும் ஜப்பானியத்தையும் அக்கா தங்கை ஆக்கிவிட முடியுமா?

தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றுக்கொண்டது கைப்பேசிச் செய்தியால் அல்ல. 1816-இல் எல்லிஸ், தென்னக மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. 1961-இல் பர்ரோவும் எமெனோவும் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்கள். பல தலைமுறை உழைப்பில் எழுந்த கட்டடம் இது. கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஹல்பர்ட் என்பவர் ஒரு நூல் எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. அடுக்கிக் காட்டும் ஒழுங்கு கிடைக்கவில்லை என்பதே காரணம். பொய்ச் சான்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், நம்மிடம் இருக்கும் மெய்ச் சான்றையும் கேட்பவர் சந்தேகிப்பார். என் கவலை அதுதான்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் பாலையும் ஹாலுவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மாற்றத்தின் விதியைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து, “அப்போ ‘போ’தான் ‘ஹோகு’வா சார்?” என்று கேட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. எத்தனை பெருமைப் பேச்சு கேட்டாலும் அந்தக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி வராது.

நாங்கள் இலங்கையை விட்டுப் புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தச் சிங்கள அம்மா வந்தார். என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “மம எனவா” என்றார். ‘எனவா’ என்றால் வருவது. மறுநாள் நானுஓயா ரயில் நிலையத்தில், பெட்டி படுக்கைகளுக்கு நடுவே நின்று நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்காக அல்ல. ரயில் வருவதற்குச் சற்று முன், அவித்த பலாக்காயை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார்.